வெளிமாநிலத்தில் பிக்கப் வண்டி வாங்கினால் லாபமா? பாபநாசத்தில் இருந்து ஒரு கணக்கு

புனலூரில் ஒரு யார்டு. பெங்களூருவில் ஒரு பைனான்ஸ் ஏலம். டெல்லியில் இருந்து வாட்ஸ்அப்பில் வரும் நாலு போட்டோ. திருநெல்வேலியில் கேட்கும் விலையைவிட ஐம்பதாயிரம், எண்பதாயிரம் குறைவு. "அண்ணாச்சி, பேப்பர் எல்லாம் கிளியர். அட்வான்ஸ் போட்டா நாளைக்கே வண்டி" என்கிறார் புரோக்கர்.

முதல் முறையாக சொந்த வண்டி எடுத்து லோடு அடிக்க நினைக்கும் இளைஞருக்கு இது பெரிய ஈர்ப்பு. ஆனால் அந்த விலைக் குறைவு சும்மா வருவதில்லை. வண்டியைத் தன் பெயருக்கு, தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றும் வேலையும் நாளும் ஆபத்தும் வாங்குபவர் தலையில் வருவதால்தான் விலை இறங்குகிறது. அந்த வேலை என்ன, எங்கே மாட்டுகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

பாபநாசத்தில் இந்தக் கேள்வி ஏன்?

தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசம், அதை ஒட்டிய விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி எல்லாமே பிக்கப் வண்டியை நம்பி இயங்கும் ஊர்கள். நெல் மூட்டை, வாழைத்தார், காய்கறி, செங்கல், கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று எல்லாவற்றுக்கும் 'குட்டி யானை' எனப்படும் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வண்டிகள்தான் ஓடுகின்றன.

கேரளாவும் தூரமில்லை. அம்பாசமுத்திரத்தில் இருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு; அதற்கு அடுத்து புனலூர். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி தினமும் போகும் வழி இது. லோடு இறக்கிவிட்டு வரும் டிரைவர்கள் கண்ணில் கேரள யார்டுகளில் நிற்கும் வண்டிகள் படுவது இயல்பு. இப்போது ஆன்லைன் விற்பனைத் தளங்களும் ஏல ஆப்களும் சேர்ந்துகொண்டதால், பெங்களூருவும் டெல்லியும்கூட பக்கத்து ஊர் ஆகிவிட்டன.

விலை ஏன் குறைகிறது?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வாங்க ஆள் குறைவு. கே.எல். நம்பர் வண்டியைக் கேரளாவில் வாங்குபவருக்குப் பெயர் மாற்றம் மட்டும் போதும். வெளி ஆளுக்கு என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே வரி எல்லாம் உண்டு. அந்தத் தொல்லைக்கு ஏற்பத்தான் அவர் விலை கேட்பார்.

இரண்டாவது, அந்த ஊரின் விதி. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாக வைத்து வண்டிக்காரர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று அதே கோர்ட் இடைக்காலமாகச் சொன்னது. இந்த இழுபறியில், பத்து வயதை நெருங்கும் டீசல் வண்டியின் விலை அங்கே சரிகிறது. தமிழ்நாட்டில் அந்த 10 வருஷ விதி இல்லை என்பதால் அது தெற்கு நோக்கி வருகிறது.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடன் கட்டாமல் தூக்கிய 'சீஸிங்' வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, விபத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று எழுதிவிட்ட வண்டி, வழக்கில் உள்ள வண்டி. இவை அந்த வட்டாரத்தில் கதை தெரிந்தவர்களிடம் விலை போகாது. கதை தெரியாத ஊருக்குத்தான் போகும். 2018 ஆகஸ்டில் கேரளாவிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனை என்பதை நினைத்தாலே இது புரியும்.

புது வண்டிக்கும் இந்த லாபம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு புது வண்டி மீதான விற்பனை வரி நாடு முழுக்க ஒன்றுதான். சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானதும் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்துத்தான்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது சாலை வரி. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் வாகன வரி இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனி விகிதம் வைக்கிறது. ஆனால் வண்டியைத் தமிழ்நாட்டில் வைத்து ஓட்டுபவர் தமிழ்நாட்டு வரிதான் கட்ட வேண்டும். வேறு மாநிலத்தில் வரி குறைவு என்பதால் மட்டும் அங்கே வாங்கிப் பயனில்லை.

வெளிமாநில ஷோரூமில் புது வண்டி எடுத்தால், டீலர் தற்காலிகப் பதிவு செய்து தருவார். அந்தக் காலக்கெடுவுக்குள் விற்பனைச் சான்றான ஃபார்ம் 21, தகுதிச் சான்றான ஃபார்ம் 22, இன்சூரன்ஸ் ஆகியவற்றோடு இங்கே நிரந்தரப் பதிவு வாங்க வேண்டும். டீலர் தரும் தள்ளுபடி, கையிருப்பில் வண்டி உடனே கிடைப்பது ஆகியவை மட்டுமே ஆதாயம். அதோடு, வரிக் குறைப்பால் புது வண்டி விலை இறங்கியிருப்பதால், பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு யூஸ்டு வண்டிக்கு அதிகம் கொடுத்துவிடும் அபாயமும் உண்டு. முதலில் புது வண்டியின் இன்றைய ஆன்ரோடு விலையை எழுதி வைத்துக்கொண்டுதான் பழைய வண்டிக்குப் பேரம் பேச வேண்டும்.

பழைய வண்டி வியாபாரிகளிடம் வாங்கும்போது '18 சதவீத ஜி.எஸ்.டி.' என்று பில்லில் வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் பழைய வண்டிகளுக்கான வரியை 18 சதவீதமாக ஒன்றாக்கியது. ஆனால் வரி, வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தின் மீதுதான். வண்டியின் முழு விலை மீது இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத தனிநபர் விற்றால் இந்த வரி இல்லை.

'ஒரு வருஷம் அந்த நம்பர்லயே ஓட்டலாம்' என்பது உண்மையா?

இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும் வசனம். பாதி உண்மை என்பதால் நம்பும்படி இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைக்கப்பட்டால் புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது. வேலை மாற்றலாகி வண்டியோடு வந்தவருக்கு இது பொருந்தும். வண்டியை விலைக்கு வாங்கியவருக்கு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. 50-வது பிரிவின்படி, வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவர் வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் என்.ஓ.சி. ஆவணத்தோடு தன் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வரி மூன்றாவது கடிகாரம். 12 மாதம் என்பது நம்பருக்கான கால அவகாசம். வரி கட்டாமல் ஓட்ட அனுமதி கிடையாது. தமிழ்நாட்டில் வைத்து ஓட்டும் வண்டிக்கு இந்த மாநிலத்தின் வரி உண்டு. சரக்கு வண்டி தினமும் ரோட்டில் நிற்பது. காருக்கு நடக்காத சோதனை இதற்கு நடக்கும்.

வெளிமாநில நம்பர் விஷயத்தில் அரசு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு 2024 ஜூன் ஓர் உதாரணம். நாகாலாந்து போன்ற மாநிலங்களில் பதிவு செய்து தமிழ்நாட்டுக்குள் ஓடிய 500-க்கும் மேற்பட்ட ஆம்னி பஸ்கள் இங்கே மறுபதிவு செய்யாமல் ஓடக் கூடாது என்று போக்குவரத்துத் துறை கெடு விதித்தது. விவகாரம் கோர்ட் வரை போனது. பஸ் முதலாளிகளுக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. ஒற்றை பிக்கப் வைத்திருப்பவருக்கு வண்டி ஒரு வாரம் நின்றாலே இ.எம்.ஐ. தவறும்.

'பி.எச்.' வரிசை நம்பர் வாங்கிவிட்டால் போதுமே என்ற யோசனையும் சிலருக்கு வரும். 2021-ல் வந்த அந்த வசதி சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கானது. மஞ்சள் பலகை சரக்கு வண்டிக்கு அது கிடையாது.

என்.ஓ.சி. எங்கே மாட்டுகிறது?

வெளிமாநில வண்டியின் உயிர் இந்த ஒரு பேப்பரில் இருக்கிறது. ஃபார்ம் 28-ல் விற்பவர் தன் ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பித்து வாங்குவது இது. சட்டத்தின் 48-வது பிரிவுப்படி, திருட்டு வழக்கு இல்லை என்ற போலீஸ் அறிக்கையையும், அரசுக்கு வரி பாக்கி இல்லை என்பதையும் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் ஆன்லைனில் என்.ஓ.சி. ஏறாத வண்டியை இங்கே உள்ள ஆபீஸில் நகர்த்துவது நடைமுறையில் கஷ்டம்.

வழக்கமாக மாட்டும் இடங்கள் இவை:

கடன். ஆர்.சி.யில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதமும் ஃபார்ம் 35-ம் கொடுத்து ஹெச்.பி. கேன்சல் ஆக வேண்டும். "லோன் முடிஞ்சிருச்சு, லெட்டர் வந்துரும்" என்ற வாய்ப்பேச்சு போதாது.

இ-சலான். கேரளாவில் 2023 ஜூன் முதல் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. சீட் பெல்ட் போடாமல் ஓட்டிய பழைய டிரைவரின் பாக்கி வண்டி மேல் நிற்கும். கட்டாமல் வேலை நகராது.

நலநிதி. இது கேரளாவுக்கே உரிய விஷயம். அங்கே வாடகைச் சரக்கு வண்டிகளுக்கு மோட்டார் தொழிலாளர் நலநிதி வாரியத்துக்குப் பங்களிப்பு கட்ட வேண்டும். வரியோடு சேர்த்துப் பார்க்கப்படும் இந்தப் பாக்கியைத் தமிழ்நாட்டு வாங்குபவர் கேட்கவே மாட்டார், ஏனென்றால் தெரியாது.

பெர்மிட். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு 66-வது பிரிவில் பெர்மிட் விலக்கு உண்டு. தாண்டினால் அந்த மாநிலப் பெர்மிட்டை ஒப்படைத்த சான்று வேண்டும். சிறிய மினி டிரக்குகள் இந்தக் கோட்டுக்குக் கீழே. பெரிய பிக்கப்களில் சில மாடல்கள் மேலே. மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல் ஆர்.சி.யில் உள்ள எடையைப் பார்க்க வேண்டும்.

முகவரி. என்.ஓ.சி. எந்த ஆர்.டி.ஓ. பெயருக்கு என்று குறிப்பிட்டுத்தான் வரும். பாபநாசம் என்ற பெயரில் தஞ்சாவூர் மாவட்டத்திலும் ஊர் உண்டு. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதில் இருந்து அந்தக் குழப்பமும் சேர்ந்திருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் முதலில் விசாரித்து, எந்த ஆபீஸ் பெயர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், திருத்தத்துக்காக இன்னொரு முறை கேரளா போக வேண்டியதில்லை.

விற்பவர் உண்மையில் யார்?

யார்டு வியாபாரத்தில் ஒரு பழைய பழக்கம் உண்டு. வண்டிக்காரர் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பேப்பரோடு வண்டி ஒரு புரோக்கர், இன்னொரு யார்டு, மூன்றாவது ஆள் என்று கைமாறும். ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருக்கும். கடைசியில் பாபநாசத்துக்காரர் வாங்கும்போது, என்.ஓ.சி.க்கு ஓ.டி.பி. போகும் செல்போன் நம்பர் யாருடையது என்றே யாருக்கும் தெரியாது.

இதை ஒழுங்குபடுத்தவே மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் மாற்றம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள இந்த விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அந்தச் சான்று ஃபார்ம் 29பி. ஐந்து வருஷம் செல்லும். வண்டிக்காரர் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அப்போதிலிருந்து வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். என்.ஓ.சி., பெயர் மாற்றம், எஃப்.சி. புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம்.

வெளிமாநில வண்டி வாங்குபவருக்கு இதைவிட நல்ல சல்லடை இல்லை. "29பி இருக்கா? இந்த வண்டிக்கு 29சி போட்டாச்சா?" என்ற இரண்டு கேள்விக்கு நேரான பதில் வந்தால் பேரத்தைத் தொடரலாம். "அதெல்லாம் இங்க யாரும் கேக்குறதில்ல சார்" என்று பதில் வந்தால், பழைய உரிமையாளரிடம் நேரில் பேசாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

பெயர் மாறாமல் ஓடினால் என்ன ஆகும்?

விபத்து நடந்தால்தான் இதன் கனம் தெரியும். விற்கப்பட்டு பல கை மாறிய ஒரு வண்டி 2009-ல் விபத்தில் சிக்கியது. இழப்பீட்டை யார் தருவது என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. வண்டியை எப்போதோ விற்றிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

அப்படியானால் இது விற்றவருக்குத்தானே பிரச்சினை, வாங்கியவருக்கு என்ன? வாங்கியவருக்கும் உண்டு. வண்டி விற்கப்பட்டால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் தானாகவே புது உரிமையாளருக்கு மாறிவிடும். ஆனால் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். கேட்காமல், ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்தால், ரிப்பேர் பணம் முழுக்க வாங்கியவர் கைக்காசு. வண்டியே திருடு போனாலும் அதே கதி.

போலீஸ் பிடித்தால் விடுவிக்கக் கேட்கும் உரிமைக்கும் ஆர்.சி.யில் உள்ள பெயர்தான் முதல் ஆதாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்றவர் மனம் மாறினாலோ இறந்துபோனாலோ கையில் இருக்கும் வெற்றுக் கையெழுத்துப் பேப்பருக்கு மதிப்பு இல்லை.

ஆர்.சி. அசல் என்றால் போதுமா?

போதாது. இரண்டு வழக்குகள் இதைக் காட்டுகின்றன.

2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. விற்க முடியாமல் கழிவாக ஏலம் போன 154 வண்டிகள், போலி ஆவணங்கள் மூலம் பி.எஸ்.4 என்று நாகாலாந்தில் பதிவாகி, என்.ஓ.சி. வாங்கி மற்ற மாநிலங்களுக்குப் போயின என்பது ஆந்திராவின் அனந்தபுரத்தில் 2020-ல் வெடித்த வழக்கின் குற்றச்சாட்டு. ஆர்.சி. நிஜமான ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்ததுதான். அடிப்படைக் காகிதம்தான் பொய் என்பது புகார்.

2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளா முழுக்கச் சோதனை நடத்தியது. பூடானில் இருந்து கடத்தி வரப்பட்டு, இமாச்சலப் பிரதேசம் போன்ற இடங்களில் போலி ஆவணத்தில் பதிவானவை என்ற சந்தேகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் முதல் கட்டத்திலேயே பிடிபட்டன. சினிமா நடிகர்கள் வீடுகளிலும் சோதனை நடந்ததால் பெரிய செய்தியானது. பணம் கொடுத்து வாங்கியவருக்கு, நல்ல எண்ணத்தில் வாங்கினேன் என்று நிரூபிக்கும் சுமை வந்து சேர்ந்தது.

பிக்கப் வாங்குபவர் இதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வண்டியின் முதல் பதிவில் இருந்து சங்கிலி முழுக்கப் பார்க்க வேண்டும் என்பதுதான். முதல் பதிவு எந்த மாநிலம், ஏற்கெனவே எத்தனை மாநிலம் மாறியது, உற்பத்தி மாதம் என்ன, பி.எஸ். வகை அதற்குப் பொருந்துகிறதா? உதாரணமாக, 2020 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி பி.எஸ்.6 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் வேறு மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பரிவாகன் தளத்திலும் எம்-பரிவாகன் ஆப்பிலும் வண்டி நம்பர் போட்டாலே எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் விவரம், எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கி தெரியும். திருட்டு வண்டிப் பட்டியலை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் கொடுத்துச் சோதிக்கலாம். சேஸ் நம்பரை போட்டோவில் பார்க்காமல் வண்டியில் தேய்த்துப் பார்த்து, பென்சில் அச்சு எடுத்து ஒப்பிடுவது யார்டுக்காரர்களே செய்யும் முறை.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதைச் சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், டேஷ்போர்டு உள்பக்க வயர், ஹெட்லைட் உள்ளே படிந்த மண் ஆகியவை காட்டிக் கொடுத்துவிடும். நம்பகமான மெக்கானிக்குக்கு ஒரு நாள் சம்பளமும் சாப்பாடும் கொடுத்து உடன் அழைத்துப் போவது, மொத்தச் செலவில் மிகக் குறைந்த செலவு.

வண்டி இங்கே வந்த பிறகு

ஃபார்ம் 27-ல் புது நம்பருக்கு, ஃபார்ம் 30-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம். என்.ஓ.சி., அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று, முகவரிச் சான்று. வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம், ஊர்ப் பேச்சில் 'பிரேக் இன்ஸ்பெக்டரிடம்', காட்ட வேண்டும்.

இங்கே பலரும் தடுக்குவது பாடியில். வாழைத்தார் அதிகம் ஏற்ற உயர்த்திக் கட்டிய பாடி, நீட்டிய பின்பக்கம் ஆகியவை ஆர்.சி.யில் பதிவாகாமல் இருந்தால் பிரச்சினை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. "கேரளால ஓடிச்சே" என்ற வாதம் இங்கே எடுபடாது; பிரித்துக் கட்டும் செலவு வாங்கியவருடையது.

எஃப்.சி. காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருஷா வருஷம். எட்டு வயது தாண்டிய வண்டியை 'சீப்' என்று வாங்கினால், ஒவ்வொரு வருஷமும் பெயின்ட், டயர், லைட், பிரதிபலிப்பு ஸ்டிக்கர் என்று செலவு காத்திருக்கும்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் பிக்கப்புக்குத் தனி பேட்ஜ் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

உள்ளூரில் 5.5 லட்சம் கேட்கும் மாதிரியான வண்டி புனலூரில் 4.7 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80,000 ரூபாய். இது விளக்கத்துக்கான கணக்கு மட்டுமே. எண்கள் வண்டிக்கு வண்டி மாறும்.

வண்டி பார்க்க, பேரம் பேச, எடுத்து வர என மூன்று பயணம், மெக்கானிக் கூலி: 8,000. அங்கே என்.ஓ.சி. வேலை, பழைய சலான்: 7,000. இங்கே கட்டணம், நம்பர் பிளேட், வரி, பாடி சரிசெய்தல்: 20,000. இதுவரை 35,000. மீதி 45,000 லாபம் போலத் தெரியும்.

இனிமேல்தான் யாரும் எழுதாத வரி வருகிறது. என்.ஓ.சி. வந்து, மறுபதிவு முடிந்து, வண்டி முழு தைரியத்தோடு ரோட்டுக்கு வர 45 நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், செலவு போக நாளைக்கு 1,000 ரூபாய் கையில் நிற்கும் தொழிலில் 45,000 போய்விட்டது. லாபம் பூஜ்யம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்த நிலைமை. ஒரு பேப்பர் சிக்கினால் கையைவிட்டுப் போகும்.

வண்டிக் கடன் வாங்குபவருக்கு இன்னொரு முடிச்சு. கடன் கொடுப்பவர் தன் பெயர் ஆர்.சி.யில் ஏற வேண்டும் என்பார். வெளிமாநில ஆர்.சி.யில் அது உடனே நடக்காது. அதனால் முழுப் பணத்தையும் கைமாற்று, நகைக்கடன் என்று புரட்டி, பிறகு வண்டிக் கடனுக்கு மாறும் வழியைத்தான் பலர் தேடுகிறார்கள். அந்த இடைக்கால வட்டியும் கணக்கில் சேர வேண்டும்.

அப்படியானால் வெளிமாநில வண்டியே வேண்டாமா? அப்படியில்லை. ஏற்கெனவே ஒரு வண்டி ஓட்டிக்கொண்டு, இரண்டாவது வண்டியைப் பொறுமையாகச் சேர்ப்பவருக்கு 45 நாள் காத்திருப்பு நஷ்டமில்லை. உள்ளூரில் கிடைக்காத மாடல், ஒரே கை ஓட்டிய வண்டி, நிறுவனக் கணக்கு வழக்கோடு பராமரித்த வண்டி கிடைத்தால் போய் வாங்கலாம். வண்டி வந்த மறுநாளே லோடு அடித்து முதல் இ.எம்.ஐ. கட்ட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்த வழி சரிப்படாது. விலை குறைவு என்று இதை அதிகம் தேடிப் போவதும் அவர்தான்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

பேப்பர் நகரும் வேகத்தில் பணம் நகர வேண்டும். அனுபவப்பட்ட வண்டிக்காரர்கள் பின்பற்றும் வரிசை இது:

1. வண்டியும் ஆர்.சி.யும் நேரில் பார்த்து, ஆன்லைனில் சரிபார்த்த பிறகு சிறிய டோக்கன் அட்வான்ஸ். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் அல்லது 29சி போட்ட வியாபாரியின் பேங்க் கணக்குக்கு மட்டும். புரோக்கரின் ஜிபே நம்பருக்கு அனுப்பக் கூடாது.

2. என்ன வண்டி, என்ன விலை, எந்தத் தேதிக்குள் யார் செலவில் என்.ஓ.சி., வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று எழுதிய ஒப்பந்தம். இரு தரப்பு அடையாள அட்டை நகலோடு.

3. ஹெச்.பி. கேன்சல், சலான், வரி, கேரளா என்றால் நலநிதி எல்லாம் முடிந்து, என்.ஓ.சி. பரிவாகன் தளத்தில் தெரிந்த பிறகு பெரும் தொகை. வண்டியும் சாவியும் அப்போதுதான் கைமாற வேண்டும். ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி வாங்க வேண்டும். அதற்கு முன் நடந்த விபத்து, வழக்கு, அபராதம் விற்றவர் பொறுப்பு.

4. தமிழ்நாட்டில் பெயர் மாறும் வரை ஒரு சிறு தொகை நிறுத்தி வைப்பு. ஓ.டி.பி., கூடுதல் கையெழுத்து என்று விற்றவரின் உதவி இன்னும் தேவைப்படும். அந்த மீதிப் பணம்தான் அவர் போனை எடுக்க வைக்கும்.

5. வண்டி கைக்கு வந்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பெயர் மாற்றக் கோரிக்கை. 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. விண்ணப்பம்.

இந்த ஐந்துக்கும் ஒப்புக்கொள்ளும் விற்பவர் கிடைத்தால், விலை இன்னும் பத்தாயிரம் கூடினாலும் அது நல்ல வியாபாரம். "முழுப் பணமும் இன்னைக்கே, பேப்பர் பின்னாடி வரும்" என்பவரிடம் எவ்வளவு குறைத்தாலும் வாங்கக் கூடாது. பேப்பர் வராத வண்டி, எவ்வளவு நல்ல இன்ஜின் இருந்தாலும், பாபநாசத்தில் வீட்டு வாசலில் நிற்கத்தான் செய்யும்.